தோட்டத்துல பறவை இருக்கே, அப்புறம் காடு எதுக்கு? அடிக்கடி வர்ற கேள்விகளும் பதில்களும்

வால்பாறை, ஊட்டி, கொடைக்கானல் பக்கம் பறவை பாக்கப் போறவங்க திரும்பத் திரும்ப கேக்கற கேள்விங்க இதெல்லாம். ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியா பதில் சொல்றதுக்கு பதிலா ஒரே இடத்துல எழுதி வெச்சிட்டேன். பெரும்பாலும் மேற்குத் தொடர்ச்சி மலையை வெச்சுதான் பேசறேன், நடுவுல தேவைப்பட்ட இடத்துல மட்டும் வெளியூர் போவோம்.

எஸ்டேட்டும் பச்சைதான், காடும் பச்சைதான். பறவைக்கு என்ன பெரிய வித்தியாசம் தெரியப்போகுது?

நமக்குத்தான் பச்சைன்னா பச்சை. பறவைக்கு அது வேற கணக்கு. ஒரு மழைக்காட்டுக்குள்ள நின்னு மேல பாருங்க, முப்பது நாப்பது மீட்டர் உயரத்துல வெடிப்பலா, நாங்கு, பாலி மாதிரி மரங்களோட கூரை, அதுக்குக் கீழ நடுத்தர மரங்க, அதுக்கும் கீழ செடி கொடி பிரம்பு, கடைசியா தரையில அழுகின இலை, விழுந்து கிடக்கற மரம், அதுல பூச்சி புழு. ஒவ்வொரு மாடிக்கும் ஒவ்வொரு குடித்தனம். கூரையில பழம் தின்றது ஒருத்தர், நடு மட்டத்துல பறக்கற பூச்சியப் பிடிக்கறது ஒருத்தர், பட்டையைக் கொத்தறது ஒருத்தர், தரையில சருகைப் புரட்டறது இன்னொருத்தர். தோட்டம் போடும்போது இதுல எந்த மாடிய இடிக்கறோம்ங்கறதுதான் கேள்வி. ஏலக்காய்னா கீழ் மாடிய மட்டும் சுத்தம் பண்றாங்க, காபின்னா கீழயும் நடுவுலயும் கொஞ்சம் போகுது, தேயிலைன்னா கிட்டத்தட்ட மொத்தமும் போயிடுது, இடுப்பு உயரத்துக்கு கவாத்து பண்ணின ஒரே ஒரு செடி, நடுநடுவுல ரெண்டு சில்வர் ஓக், அவ்வளவுதான்.

அதனால "தோட்டம்"னு ஒரே வார்த்தையில எல்லாத்தையும் அடைச்சுட்டு நல்லதா கெட்டதான்னு கேட்டா பதில் சொல்லவே முடியாது.

ஏன் எப்பப் பாத்தாலும் வால்பாறையவே உதாரணம் சொல்றீங்க?

ஏன்னா எல்லாமே பக்கத்துப் பக்கத்துல இருக்கு. சுமார் 220 சதுர கிலோமீட்டர் பீடபூமி, 1890கள்ல இருந்து காட்டை வெட்டி தேயிலை, காபி, ஏலம் போட்ட இடம், சுத்தி ஆனைமலை புலிகள் காப்பகம், பரம்பிக்குளம், வாழச்சால்னு பெரிய காடுங்க. தோட்டத்துக்கு நடுவுல வெட்டாம விட்ட நாப்பதுக்கும் மேல துண்டுக்காடுங்க தீவு மாதிரி நிக்குது, சிலது ரெண்டு மூணு ஏக்கர்தான். ஒரே உயரம், ஒரே மழை, ஆனா ஒரு பக்கம் காடு, ரோட்டுக்கு அந்தப் பக்கம் தேயிலை, அடுத்த வளைவுல காபி. ஒப்பிட்டுப் பாக்க இதவிட நல்ல இடம் கிடைக்காது. இயற்கைப் பாதுகாப்பு அறக்கட்டளைங்கற அமைப்புல இருந்து திவ்யா முத்தப்பா, டி.ஆர். சங்கர் ராமன் ரெண்டு பேரும் அங்கயே தங்கி இருபது வருஷத்துக்கும் மேல வேலை பாக்கறாங்க, நமக்குத் தெரிஞ்ச விஷயத்துல பாதி அங்க இருந்து வந்ததுதான்.

சரி, தேயிலையில பறவையே கிடையாதா?

இருக்கு. செம்மீசைச் சின்னான் இருக்கும், தையல்சிட்டு இருக்கும், புள்ளிப்புறா, மைனா, காக்கா, குளிர் காலத்துல வாலாட்டிங்க வரும், கதிர்க்குருவிங்க செடிக்குள்ள நுழைஞ்சு நுழைஞ்சு ஓடும். ஆனா இதுல பாதியை உங்க வீட்டு மொட்டை மாடியிலயே பாக்கலாம். வால்பாறையில கணக்கெடுத்தப்போ நாட்டு மரங்களோட நிழல்ல இருக்கற ஏலத்தோட்டம், காபித்தோட்டத்துல காட்டுப் பறவைங்க கணிசமா இருந்துச்சு, தேயிலைல ரொம்பவே கம்மி. தேயிலைக்கு நடுவுல ஓடையோரமா ஒரு பட்டை நாட்டு மரம் விட்டிருந்தாங்கன்னா அந்தப் பட்டையில மட்டும் திடீர்னு சத்தம் கூடும், நீங்களே நடந்து பாத்தா தெரியும்.

நான் காபி எஸ்டேட்ல ஒரு காலையில எண்ணினது காட்டுல எண்ணினதவிட ஜாஸ்தி. அப்ப காபிதான் பெட்டர் இல்லையா?

இந்தக் கேள்விதான் எல்லாத்தவிட அதிகமா வருது, இதுக்கு ரெண்டு பதில் இருக்கு.

முதல் பதில், காட்டுல பறவை கண்ணுக்கு மாட்டாது. அடர்த்தியா இருக்கும், இருட்டா இருக்கும், முக்கால்வாசி சத்தத்தை வெச்சுத்தான் கண்டுபிடிக்கணும். சத்தம் தெரியாதவங்க காட்டுல ஒரு மணி நேரம் நடந்து பத்து இனம் எழுதிட்டு வருவாங்க, அதே ஆள் காபியில வெளிச்சத்துல இருபத்தஞ்சு எழுதுவாங்க. அதனாலதான் ஆராய்ச்சி பண்றவங்க ஒரு இடத்துல குறிப்பிட்ட நிமிஷம் அசையாம நின்னு, எவ்வளவு தூரத்துல பறவை இருந்துச்சுன்னு சேத்து எழுதி, அப்புறம் கண்ணுல படாததுக்கும் சேத்து கணக்குப் போடறாங்க.

ரெண்டாவது பதில்தான் முக்கியம். எத்தனைங்கறத விடுங்க, யாரு யாருன்னு பாருங்க. காட்டு ஓரத்துல இருக்கற காபித்தோட்டத்துல காட்டுப் பறவையும் வரும், ஊர்ப் பறவையும் வரும், ரெண்டும் சேந்து எண்ணிக்கை கூடிடும். ஆனா அந்தக் கூட்டத்துல மைனாவும் புள்ளிப்புறாவும் கூடி, தரையில சருகு புரட்டற சிலம்பனும், நடு மட்டத்துல பூச்சி பிடிக்கற தீக்காக்கையும் குறைஞ்சிருந்தா அது லாபம் இல்ல. மைனாவுக்கு இந்தியா முழுக்க இடம் இருக்கு. மேற்குத் தொடர்ச்சி மலையை விட்டா உலகத்துல வேற எங்கயும் இல்லாத பறவைங்களுக்கு எங்க இருக்கு? அதனால லிஸ்ட்டோட நீளத்தை மட்டும் வெச்சு யாராவது "எங்க தோட்டம் காடு மாதிரி"ன்னு சொன்னா அந்த லிஸ்ட்டை வாங்கி பேர் பேரா படிங்க.

எந்த மாதிரி பறவைங்க முதல்ல காணாமப் போகும்?

தரையிலயும் புதர் மட்டத்துலயும் பூச்சி தின்றதுங்க. உலகத்துல வெப்பமண்டலக் காடு எங்க தோட்டமானாலும் இதுதான் நடக்குது, நம்ம ஊர்லயும் அதே கதை. களை எடுக்கறோம், சருகு கூட்டறோம், மருந்தடிக்கறோம், அதோட அதுங்க சாப்பாடும் கூடு வைக்கற இடமும் சேந்து போகுது. இன்னொன்னு, இந்தப் பறவைங்க நிழலுக்குப் பழகினதுங்க, வெயிலடிக்கற தேயிலைய தாண்டி அந்தப் பக்கத்து துண்டுக்காட்டுக்குப் போக தயங்கும். நமக்கு இருநூறு மீட்டர் தேயிலை ஒண்ணுமே இல்ல, அதுக்கு அது கடல்.

அடுத்து பொந்துல கூடு வைக்கறதுங்க. பொந்து வரணும்னா மரம் வயசாகணும், ஒரு கிளை ஒடியணும், உள்ள மக்கணும், மரங்கொத்தி வந்து ஆரம்பிச்சு வைக்கணும். அஞ்சு ஏழு வருஷத்துல வெட்டற மரத்துல இது எதுவும் நடக்காது. தோட்டத்துல காஞ்ச மரம் நின்னா விறகுக்குப் போயிடும், இல்லன்னா தொழிலாளிங்க தலையில விழுந்துடும்னு வெட்டிடுவாங்க, அந்த பயமும் நியாயம்தான்.

பழம் தின்றதுங்க நடுவுல இருக்குதுங்க. அத்தியும் ஆலும் நாலு நின்னா போதும், குக்குறுவான், பச்சைப்புறா எல்லாம் தோட்டத்துக்கும் வந்துரும். தேன் குடிக்கற தேன்சிட்டுக்குக் கவலையே இல்ல, சில்வர் ஓக் பூவுலயும் குடிக்கும், எஸ்டேட் பங்களா தோட்டத்துப் பூவுலயும் குடிக்கும்.

பெரிய இருவாச்சியையே (ஹார்ன்பில்) எஸ்டேட்ல பாத்தோமே! அதுக்கு மேல என்ன வேணும்?

பாத்திருப்பீங்க, வால்பாறையில அது நடக்கும். காபித்தோட்டத்துல விட்டு வெச்ச பெரிய மரப்பொந்துல கூடு கட்டறதும் உண்டு. நிழலுக்குன்னு ஆப்பிரிக்காவுல இருந்து கொண்டு வந்து நட்ட குடை மரத்தோட பழத்தைக்கூட தின்னுது. கெட்டிக்காரப் பறவைதான்.

ஆனா அதோட வாழ்க்கைய கொஞ்சம் யோசிங்க. பொண்ணு பொந்துக்குள்ள போய் வாசலை அடைச்சுக்கும், ஒரு சின்ன கீறல் மட்டும் விடும், மாசக் கணக்குல வெளிய வராது. அவ்வளவு நாளும் ஆண் பறந்து பறந்து அத்திப்பழம், காட்டு ஜாதிக்காய், கருங்குங்கிலியப் பழம்னு கொண்டு வந்து ஊட்டணும். அப்ப ஒரு தோட்டத்துல ஒரு பெரிய மரம் இருந்தா பத்தாது, பறக்கற தூரத்துக்குள்ள வருஷத்துல வெவ்வேற மாசத்துல பழுக்கற மரங்க இருக்கணும். காட்டுக் கூடுகளையும் தோட்டத்துக் கூடுகளையும் ஒப்பிட்டுப் பாத்தவங்க, தோட்டத்துல குஞ்சுக்குப் போற பழத்துல வகை கம்மின்னு பாத்திருக்காங்க. அதாவது எஸ்டேட்ல நீங்க பாத்த இருவாச்சி பக்கத்துக் காட்டை நம்பித்தான் அங்க இருக்கு. பக்கத்துல பெரிய காடு இல்லாத ஊர்ல அதே மாதிரி காபி போட்டாலும் இருவாச்சி வராது.

இதெல்லாம் இந்தக் காடுகள்ல வாழற காடர் பழங்குடி மக்களுக்கு ஆராய்ச்சிக்கு முன்னாடியே தெரியும். வாழச்சால் பக்கம் இப்ப அவங்கதான் வனத்துறையோட சேந்து இருவாச்சிக் கூடுகளைக் கண்காணிக்கறாங்க.

காபி, பாக்கு, ரப்பர், மூணுல எது பரவாயில்ல?

கர்நாடகா பக்க மலைத்தொடர்ல 187 தோட்டங்கள்ல இத பாத்திருக்காங்க, 2016ல வெளிவந்துச்சு. மொத்தம் 204 வகைப் பறவை. காபியில அதிகம், பாக்கு நடுவுல, ரப்பர்ல கம்மி. ஆச்சரியப்பட ஒண்ணுமில்ல. காபிக்கு நிழல் வேணும், அதனால மேல மரம் நிக்குது. ரப்பர் அதுவே மரம், வேற மரத்தை விடமாட்டாங்க, பால் வெட்டறவங்க தினம் காலையில மரம் மரமா நடக்கணும்னு கீழயும் சுத்தமா வெச்சிருப்பாங்க, பறவை திங்கற மாதிரி பழமும் இல்ல. கன்னியாகுமரி மாவட்டத்துல பேச்சிப்பாறை, குலசேகரம் பக்கம் போறவங்க ரப்பருக்குள்ள பத்து நிமிஷம் நின்னு கேளுங்க, அப்புறம் பக்கத்துல இருக்கற காட்டோரத்துல பத்து நிமிஷம் நின்னு கேளுங்க. வேற விளக்கம் வேண்டாம்.

காபிலயே அரபிகா நல்லதா ரொபஸ்டா நல்லதா?

அரபிகாவுக்கு நிழல் அதிகம் வேணும், அதனால மரம் அதிகம். ஆனா அதுக்கு தண்டு துளைப்பான்ங்கற பூச்சித் தொல்லையும் ஜாஸ்தி, மருந்தும் ஜாஸ்தி. ரொபஸ்டா வெயில் தாங்கும், மரத்தைக் கழிச்சு விட்டுருவாங்க, ஆனா மருந்து கம்மி. கர்நாடகாவுல ஒப்பிட்டுப் பாத்தப்போ ரெண்டுக்கும் பெருசா வித்தியாசம் வரல. பேரை விட எவ்வளவு மரம், என்ன மரம்ங்கறதுதான் கணக்கு.

சில்வர் ஓக்கும் மரம்தானே, நிழல் தருதுல்ல?

தருது. விவசாயிக்கு அதுல ரெண்டு மூணு வசதி, வேகமா வளரும், நேரா வளரும், மிளகுக் கொடி ஏத்தலாம், வெட்டி விக்கறதுக்கு நாட்டு மரம் மாதிரி பர்மிஷன் தலைவலி அவ்வளவு கிடையாது. நாட்டு மரத்தை பாதுகாக்கப் போட்ட சட்டமே நாட்டு மரம் நட ஆசையில்லாம பண்ணிடுச்சுன்னு தோட்டக்காரங்க புலம்பறதுல நியாயம் இருக்குன்னு எனக்குத் தோணுது. ஆனா ஆஸ்திரேலியாவுல இருந்து வந்த அந்த மரத்துல நம்ம பூச்சிங்க அதிகம் வாழாது, சதைப்பழம் கிடையாது, பூத்தா தேன்சிட்டுக்கு கொண்டாட்டம், அவ்வளவுதான். பத்து விதமான நாட்டு மரம் நின்ன இடத்துல சில்வர் ஓக் மட்டும் நின்னா நிழல் அளவு மாறாது, பறவை மாறிடும்.

தேக்கு நம்ம மரம். தேக்குத் தோட்டத்தை எதுக்கு குறை சொல்றீங்க?

தேக்கு நம்ம மரம்தான், இலையுதிர் காட்டுல மருது, வேங்கை, ஈட்டி, மூங்கிலோட கலந்து நிக்கற வரைக்கும் ஒரு பிரச்சினையும் இல்ல. கேரளாவுல நிலம்பூர்ல 1840கள்ல வெள்ளைக்காரங்க வரிசையா நட ஆரம்பிச்சப்போதான் கதை மாறுச்சு, கப்பல் கட்ட மரம் வேணும்னு. நம்ம ஆனைமலை டாப்ஸ்லிப்லயும் ஹியூகோ வுட்ங்கற வெள்ளைக்கார வன அதிகாரி காலத்துல நட்டது இன்னைக்கும் நிக்குது, அவரோட கல்லறையும் அங்கதான்.

டாப்ஸ்லிப் பழைய தேக்குல மரங்கொத்திங்க நல்லாவே பாக்கலாம், நான் மறுக்கல. வயசான தேக்கு, கீழ மத்த செடிங்க வளர விட்டாச்சு, சுத்தி காடு. அது ஒரு மாதிரி. இளசான, நெருக்கமா நட்ட, கோடையில இலை கொட்டி மொட்டையா நிக்கற தேக்கு வேற மாதிரி, பெரிய இலை சருகு தரையை மூடி தீ பிடிக்க காத்துக்கிட்டிருக்கும். மழை ஆரம்பத்துல தேக்கு இலைய அரிக்கற புழு கூட்டமா வரும், அந்த சில நாள் பறவைக்கு விருந்து, அப்புறம் பழைய நிலைமைதான்.

மிசோரத்துல டம்பா புலிகள் காப்பகத்தை ஒட்டி ஒரு ஒப்பீடு நடந்துச்சு, 2016ல வெளியாச்சு. காடு, ஜூம் சாகுபடி, தேக்குத் தோட்டம், எண்ணெய்ப்பனை. ஜூம்னா காட்டை வெட்டி எரிச்சு விதைச்சுட்டு அப்புறம் வருஷக் கணக்குல மூங்கிலும் மரமும் வளர விடறது, எல்லாரும் திட்டற விவசாயம். அதுல காட்டுப் பறவைங்க தேக்கை விடவும் எண்ணெய்ப்பனைய விடவும் அதிகம் இருந்துச்சு, எண்ணெய்ப்பனை கடைசி. ஜூமை ஒழிச்சு எண்ணெய்ப்பனை போட்டா காட்டுக்கு நல்லதுன்னு சொல்லிக்கிட்டிருந்த நேரத்துல வந்த முடிவு அது.

சமவெளியில தைலமரம் (யூகலிப்டஸ்), சவுக்கு போடறாங்களே, அது தரிசு நிலம்தானே?

தரிசுன்னு யாரு சொன்னா? ரெவின்யூ ரெக்கார்டுல அப்படி எழுதியிருக்கும். முள்ளுக்காடு, புதர்க்காடு, மேய்ச்சல் நிலம் இதெல்லாம் கவுதாரிக்கும் காடைக்கும் வானம்பாடிக்கும் வீடு. அதுல தைலமரத்தை நெருக்கமா நட்டா அதுங்க போயிடும். புதுக்கோட்டை பக்கம் தைலமரக் காடு பாத்திருப்பீங்க, கீழ பெருசா ஒண்ணும் இருக்காது, மயில் வந்து அடையும், கரிச்சான் உக்காரும், உயரமான மரத்துல பருந்து கூடு வைக்கும். காகித ஆலைக்குப் போற மரம், அஞ்சாறு வருஷத்துக்கு ஒருதரம் வெட்டு. சவுக்கு இன்னும் சீக்கிரம்.

சொந்தப் பட்டாவுல விவசாயி சவுக்கு போடறதை நான் குறை சொல்ல மாட்டேன், தண்ணி இல்ல, ஆள் கிடைக்கல, வேற என்ன பண்ணுவாங்க. பொது நிலத்துல போட்டுட்டு அதுக்குக் காடு வளர்ப்புன்னு பேர் வெக்கறதுதான் இடிக்குது.

ஊட்டியில கற்பூர மரம் (அங்க யூகலிப்டஸுக்கு அதான் பேர்), சீகை (வாட்டில் மரம், சீயக்காய் இல்ல), பைன் எல்லாம் அழகாத்தானே இருக்கு? சினிமாவுல எல்லாம் வருதே?

அழகா இருக்கு, ஒப்புக்கறேன். ஆனா அது இருக்கற இடத்துல முன்னாடி என்ன இருந்துச்சுன்னு பாக்கணும். நீலகிரி, பழனி மலை உச்சியில இயற்கையான அமைப்பு பள்ளத்துல சோலைங்கற அடர்ந்த குட்டைக் காடு, மேட்டுல புல்வெளி. வெள்ளைக்காரங்க புல்வெளிய வெறும் நிலம்னு நெனச்சு விறகுக்குன்னு கற்பூர மரமும் தோல் பதனிடற பட்டைக்குன்னு சீகையும் கொண்டு வந்தாங்க, சுதந்திரத்துக்கு அப்புறம் நம்ம ஆளுங்க ரேயான் கூழுக்கும் தோல் தொழிலுக்கும்னு இன்னும் பெருசா நட்டாங்க.

இங்க காட்டை வெட்டி தோட்டம் போடல, மரமே இல்லாத இடத்துல மரம் நட்டு கெடுத்தாங்க. இது நிறைய பேருக்கு மண்டையில ஏறவே மாட்டேங்குது, மரம் நட்டா நல்லதுதானேன்னு கேப்பாங்க. பழனி மலையில செயற்கைக்கோள் படங்களை வெச்சு 2018ல வெளிவந்த ஆய்வு, நாப்பது வருஷத்துல புல்வெளி மூணுல ரெண்டு பங்கு போயிடுச்சுன்னு காட்டுச்சு, மரத்தோட்டமும் விவசாயமும்தான் காரணம். நீலகிரி நெட்டைக்காலின்னு ஒரு சின்னப் பறவை, பழுப்பு, பாக்க சாதாரணம், கேமராக்காரங்க திரும்பிக்கூட பாக்க மாட்டாங்க. அது தரையில புல்லுக்குள்ள கூடு வைக்கும், இந்த மலை உச்சிப் புல்வெளிய விட்டா உலகத்துல வேற எங்கயும் கிடையாது. சீகை வந்த இடத்துல அதுக்கு வேலையே இல்ல.

சோலைக்குள்ள இருக்கற பறவைங்க கதையும் லேசு இல்ல. சோலைக்கிளின்னு சொல்றோமே, கிளி இல்ல, தரையோரமா தத்தற சின்னப் பறவை, நீலகிரியில ஒரு இனம், பாலக்காட்டுக் கணவாய்க்கு தெற்க வேற இனம். இதுங்களுக்கு 2017லதான் தனிப் பேரினமே குடுத்தாங்க. சிரிப்பான்ங்கற பறவையிலயும் அப்படித்தான், நீலகிரிக்கு ஒண்ணு, பழனிக்கு ஒண்ணு. ஒவ்வொரு மலை உச்சியும் தனித்தனியா லட்சக்கணக்கான வருஷம் வளர்த்தெடுத்த பறவைங்க, ஒரு மலையில போனா பக்கத்து மலையில இருந்து கடன் வாங்க முடியாது.

அப்ப சீகை, கற்பூரம், பைன் எல்லாத்தையும் வெட்டித் தள்ளிட வேண்டியதுதானே?

கோர்ட்டும் உத்தரவு போட்டிருக்கு, 2022ல தமிழ்நாடு அரசும் அந்நியத் தாவரங்களுக்குன்னு தனிக் கொள்கையே கொண்டு வந்துச்சு. ஆனா கண்ணை மூடிட்டு ஜேசிபி இறக்கற வேலை இல்ல இது.

சீகையோட விதை மண்ணுல பல வருஷம் உயிரோட கிடக்கும். மரத்தை வெட்டினா வெயில் படும், தீ வெச்சா இன்னும் மோசம், ஒரு மரம் இருந்த இடத்துல நூறு கன்னு முளைக்கும். தொடர்ந்து பிடுங்க ஆள் இல்லாம வெட்டினா வெட்டாததே மேல். இன்னொரு விஷயம், கொடைக்கானல் வட்டக்கானல் பக்கம் பழைய சீகைக்குள்ள நிழல்ல சோலை மரக் கன்னுங்க தானா வந்துக்கிட்டிருக்கு, அங்க பல வருஷம் சோலை மரங்களை வளர்த்த ராபர்ட் ஸ்டூவர்ட், தான்யா பால்கர் தம்பதி இதைத்தான் திரும்பத் திரும்ப சொன்னாங்க. அந்த இடத்துல சீகைய வெட்டினா சோலையும் சேந்து சாகும். புல்வெளிக்கு இப்பத்தான் நுழையற இளம் சீகைய உடனே பிடுங்கணும், சோலை ஓரத்துல கிழட்டு சீகைய விட்டுப் பிடிக்கணும். இடத்துக்கு இடம் முடிவு மாறும், ஒரே டெண்டர்ல முடியாது.

இந்தியாவுல காட்டுப் பரப்பு கூடியிருக்குன்னு ரிப்போர்ட் வருதே?

அந்த ரிப்போர்ட்டுல காடுன்னா என்னன்னு படிங்க. ஒரு ஹெக்டேருக்கு மேல இருக்கணும், மரக்கூரை பத்து சதவீதத்துக்கு மேல இருக்கணும், யாரோட நிலம், என்ன மரம்னு கேள்வி இல்ல. ரப்பர், காபி, தென்னந்தோப்பு, தைலமரம் எல்லாம் உள்ள வந்துரும். சோலையை ஒட்டின புல்வெளிய சீகை மூடினா அந்தக் கணக்குல அது வளர்ச்சி. நெட்டைக்காலிக்கு இந்தக் கணக்கு புரியாது.

ஒரே மரத்துக்கு பதிலா நாலஞ்சு மரம் கலந்து நட்டா?

கொஞ்சம் உதவும். சீனாவுல 1999ல ஆரம்பிச்ச பெரிய காடு வளர்ப்புத் திட்டத்துல சிச்சுவான் மாகாணத்துல பறவையையும் தேனீயையும் பாத்தாங்க. கலந்து நட்ட இடத்துல முன்னாடி இருந்த வயலவிட பறவை கொஞ்சம் கூடுச்சு, ஒரே மரம் நட்ட இடத்துல வயலவிடவே குறைஞ்சுச்சு, தேனீ ரெண்டுலயும் அடி வாங்குச்சு, இயற்கைக் காட்டோட கிட்டத்துல எதுவும் வரல.

வெட்டின காட்டை திரும்ப வளர்த்தா பறவை வருமா?

வரும், ஆனா மெதுவா. வால்பாறையில துண்டுக்காடுங்கள்ல களையை எடுத்து, அந்தந்த இடத்து நாட்டு மரக்கன்னுங்கள பல வகை கலந்து நட்டு ரெண்டாயிரத்து ஆரம்பத்துல இருந்து பாத்துக்கிட்டிருக்காங்க. சும்மா விட்ட இடத்தவிட இப்படி நட்டு வளர்த்த இடத்துல மழைக்காட்டுப் பறவைங்க நல்லா திரும்பியிருக்குன்னு கணக்கு வந்திருக்கு. சும்மா விட்டா உண்ணிச்செடியும் கொடியும் மூடிக்கிட்டு மரம் மேல வரவே விடாது, அதான் காரணம். பக்கத்துல பெரிய காடு இருக்கறது இங்கயும் பெரிய பலம், விதையைக் கொண்டு வந்து போடறதே பறவைங்கதான்.

ஆனா பொந்து வெச்ச நூறு வருஷ மரத்தை இருபது வருஷத்துல யாராலயும் வளர்க்க முடியாது. அதனால இருக்கறத வெட்டிட்டு அப்புறம் நட்டுக்கலாம்ங்கற பேச்சு மட்டும் வேண்டாம்.

பறவைக்காக எஸ்டேட்டை மூடச் சொல்றீங்களா? அங்க வேலை பாக்கறவங்க எங்க போவாங்க?

மூடச் சொல்லல. இந்த மலைங்கள்ல தலைமுறை தலைமுறையா லைன் வீட்டுல இருந்து கொழுந்து பறிச்ச குடும்பங்க இருக்கு. கூடலூர், கோத்தகிரி பக்கம் இலங்கையில இருந்து திரும்பி வந்த தமிழர்களுக்கு வேலை குடுக்கத்தான் அரசு தேயிலைத் தோட்டமே ஆரம்பிச்சுது. காட்டை வெட்டினது அவங்க முடிவு இல்ல, பறவைக்கான செலவை அவங்க தலையில கட்டறதும் சரி இல்ல. தோட்டத்தை தோட்டமா வெச்சுக்கிட்டே செய்யறதுக்கு நிறைய இருக்கு.

என்ன செய்யலாம், சொல்லுங்க?

துண்டுக்காட்டைத் தொடாதீங்க, எவ்வளவு சின்னதா இருந்தாலும். ஓடை ரெண்டு பக்கமும் நாட்டு மரம் விடுங்க, அது ஒரு காட்டுல இருந்து இன்னொரு காட்டுக்குப் போற வழி ஆகும், மண்ணரிப்பும் குறையும். நிழல் மரம் மாத்தும்போது பத்துக்கு பத்து சில்வர் ஓக் போடாம நடுவுல அத்தி, கருங்குங்கிலியம், நாவல் போடுங்க. ஆள் நடமாட்டம் இல்லாத மூலையில காஞ்ச மரத்தை நிக்க விடுங்க. தரையை மொட்டை அடிக்கற களைக்கொல்லி குறையணும்.

இதுல தோட்டக்காரருக்கும் லாபம் உண்டு. கோஸ்டாரிகாவுல காபிச் செடியை வலை போட்டு மூடி பறவைய உள்ள விடாம பாத்தாங்க, மூடாத செடியில பறவைங்க காய்த்துளைப்பான் வண்டோட தாக்குதலை பாதியா குறைச்சிருந்துச்சு, பக்கத்துல காடு இருந்த இடத்துல பறவையும் அதிகம். அந்தக் காய்த்துளைப்பான் நம்ம ஊர் காபியிலயும் இருக்கு.

மரம் தோட்டத்துல விளைஞ்சாத்தானே காட்டுல வெட்டாம இருப்பாங்க?

இந்த வாதத்துல பாதி சரி. மரம் நமக்கு வேணும், காகிதம் வேணும், அத ஒரு இடத்துல நெருக்கி விளைவிச்சா காட்டு மேல அழுத்தம் குறையலாம். ஆனா அப்படி போடற தோட்டம் ஏற்கனவே வெட்டி, உழுது, கைவிட்ட நிலத்துல வரணும். புல்வெளியிலயும் புதர்க்காட்டுலயும் போட்டுட்டு காட்டைக் காப்பாத்தினோம்னு சொன்னா அது கணக்கு இல்ல.

நாங்களே கணக்கெடுக்க ஆசை. எப்படி ஆரம்பிக்கறது?

ரெண்டு இடம் தேர்ந்தெடுங்க, ஒண்ணு தோட்டம், ஒண்ணு காட்டோரம். ரெண்டுலயும் ஒரே நேரம், காலையில சூரியன் வந்து ரெண்டு மணி நேரத்துக்குள்ள, ஒரே அளவு நிமிஷம் நில்லுங்க. ஈபேர்டுல (பறவைப் பட்டியலைப் பதியற இணையதளம்) போடும்போது ரெண்டையும் தனித்தனி லிஸ்ட்டா போடுங்க, ஒண்ணா கலந்துட்டா அப்புறம் யாருக்கும் உபயோகம் இல்ல. தோட்டம்னா என்ன தோட்டம், மேல என்ன மரம்னு குறிப்புல எழுதுங்க. பொங்கல் சமயத்துல வருஷா வருஷம் பறவைக் கணக்கெடுப்பு நடக்குது, அதுல ஆரம்பிக்கறது சுலபம். சத்தம் கத்துக்கோங்க, இல்லன்னா மேல சொன்ன மாதிரி காட்டை ஏமாளியாக்கிடுவீங்க.

எஸ்டேட்டுக்குள்ள போறதுக்கு முன்னாடி ஆபீஸ்ல கேட்டுட்டுப் போங்க, அது தனியார் நிலம். காலையிலயும் சாயங்காலமும் யானை நடமாட்டம் உண்டு, அங்க வேலை பாக்கறவங்ககிட்ட ஒரு வார்த்தை கேட்டா எந்தப் பக்கம் நிக்குதுன்னு சொல்லிடுவாங்க. சிறுத்தையும் உண்டு, குழந்தைங்கள தனியா விடாதீங்க. ஸ்பீக்கர்ல பறவை சத்தம் போட்டு கூப்பிடற வேலை வேண்டாம், முக்கியமா டிசம்பர்ல இருந்து ஏப்ரல் வரைக்கும் இருவாச்சிக் கூட்டு மரத்துக்குக் கீழ கூட்டமா நிக்காதீங்க, ஆண் பறவை பழத்தோட வந்து பக்கத்து மரத்துல உக்காந்து நீங்க எப்ப கிளம்புவீங்கன்னு காத்துக்கிட்டிருக்கும், உள்ள இருக்கறவங்க பட்டினி.